காரின் பின்பக்கத்தை இறக்கப் போகிறீர்களா? முதலில் பம்ப் ஸ்டாப்பைப் பாருங்கள்

கோலாலம்பூர் செந்தூலில் என் வீட்டுக்குப் பின்சந்தில் ஒரு பழைய டட்சன் 120வை கார் நிற்கிறது. வாங்கிய புதிதில் பின்பக்கம் தூக்கலாக, கோழி வாலைத் தூக்கிக்கொண்டு நிற்பதுபோல் எனக்குப் பட்டது. 3 அங்குலம் இறக்கினேன். டயரும் மட்கார்டும் தொட்டும் தொடாமலும் நிற்க, பார்த்தவர்களெல்லாம் கைபேசியில் படம் எடுத்தார்கள்.

அந்த வாரமே ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா, அக்கா, அக்காவின் இரண்டு பிள்ளைகள் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு பத்துமலைக்குப் புறப்பட்டேன். எங்கள் தாமானை (குடியிருப்பை) தாண்டுவதற்குள் முதல் பொங்கோல், அதாவது வேகத்தடை. மெதுவாகத்தான் ஏறினேன். இறங்கும்போது இரும்பும் இரும்பும் மோதி 'டங்' என்றது. "அடியில ஏதும் உடைஞ்சிருச்சாடா?" என்றார் அம்மா. திரும்பி வந்து கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். பின்சக்கரங்களை இணைக்கிற ஆக்சிலின் மேல் ஐம்பது காசு அளவுக்குப் பெயின்ட் உரிந்து பளபளத்தது. அதற்கு நேர் மேலே பாடியிலும் அதே பளபளப்பு. இரண்டும் மோதாமல் நடுவில் இருக்க வேண்டிய பம்ப் ஸ்டாப் ரப்பரைக் காணோம். இறக்கியபின் இடம் பத்தவில்லை என்று பட்டறையில் கழற்றிப் போட்டுவிட்டார்கள். நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

லீஃப் ஸ்பிரிங் (வளைந்த எஃகுத் தகடுகளின் அடுக்கு) உள்ள காரை இறக்குகிறவர்களில் பாதிப் பேர் செய்கிற தவறு இதுதான். டயருக்கும் மட்கார்டுக்கும் உள்ள இடைவெளியை அளக்கிறார்கள், ஆக்சிலுக்கும் பம்ப் ஸ்டாப்புக்கும் உள்ள இடைவெளியை அளப்பதில்லை. கார் பள்ளத்தில் விழும்போது ஆக்சில் மேலே வர இருக்கிற இடம் அவ்வளவுதான். அது 3½ அங்குலம் இருந்து, நீங்கள் 3 அங்குலம் இறக்கினால் மிச்சம் அரை அங்குலம். பின்சீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்தாலே அதுவும் போய்விடும். ரப்பரைக் கொஞ்சம் வெட்டிக் குட்டையாக்கலாம், குட்டையான வேறு ரப்பரும் போடலாம். கழற்றி வீசக்கூடாது.

அளப்பதற்கும் முறை உண்டு. சமமான தரையில் நிறுத்துங்கள். டாங்கியை நிரப்புங்கள். காரை முன்னும் பின்னும் நாலைந்து அடி உருட்டிவிட்டு, சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இரண்டு பக்கமும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பழைய கார்களில் ஓட்டுநர் பக்கம் கொஞ்சம் தொய்ந்திருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். பிறகு வீட்டு ஆட்களை ஏற்றி உட்காரவைத்து மறுபடியும் அளங்கள். பிள்ளைகள் விளையாடுகிற பிளாஸ்டிசினை உருண்டையாக்கி பம்ப் ஸ்டாப்பின் நுனியில் ஒட்டிவிட்டு ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தால், ஆக்சில் எவ்வளவு தூரம் மேலே வருகிறது என்று அதுவே காட்டிக் கொடுக்கும்.

அடுத்தது, எதை மாற்றினால் கார் இறங்கும், எதை மாற்றினால் ஏறும் என்கிற குழப்பம். 120வை, கொரோலா கேஇ20, ஃபோர்டு எஸ்கார்ட், மோரிஸ் மைனர் போன்ற கார்களில் ஸ்பிரிங் ஆக்சிலுக்குக் கீழே இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் லோவரிங் பிளாக் என்கிற கட்டையை வைத்தால் ஆக்சில் மேலே போகும், கார் இறங்கும். பிக்கப் வண்டிகள் பலவற்றில் ஸ்பிரிங் ஆக்சிலுக்கு மேலே உட்கார்ந்திருக்கும். அதில் அதே பிளாக்கை வைத்தால் வண்டி உயர்ந்துவிடும். ஸ்பிரிங்கின் முனையைப் பாடியோடு இணைக்கிற, ஆடக்கூடிய ஷேக்கிளின் கதையும் இப்படித்தான். நீளமான ஷேக்கிள் போட்டால் பின்பக்கம் இறங்கும் என்று ஒரு நம்பிக்கை ஊரில் உலவுகிறது. பாடியிலிருந்து ஷேக்கிள் கீழே தொங்கி, அதன் நுனியில் ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கிற கார்களில் நீள ஷேக்கிள் பின்பக்கத்தைத் தூக்கத்தான் செய்யும். அதுவும் ஷேக்கிளை 2 அங்குலம் கூட்டினால் ஆக்சில் இருக்கிற நடுப்பகுதியில் ஏறக்குறைய 1 அங்குலம்தான் தெரியும்.

இனி, ஸ்பிரிங்கைக் கேஸ் ஜுவாலையில் காய்ச்சி இறக்குகிற வழி. "பத்து நிமிஷம் சூடு காட்டினா போதும் தம்பி, தானா உக்காந்துரும்" என்று யாராவது சொன்னால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். ஸ்பிரிங் எஃகைச் சூடாக்கி, எண்ணெயில் குளிரவைத்து, மறுபடியும் அளவாகச் சூடாக்கித்தான் அந்த வளைந்து மீளும் குணத்தைக் கொடுத்திருக்கிறார்கள். கேஸ் ஜுவாலையில் சிவக்கச் சிவக்கக் காய்ச்சினால் அந்த இடத்தில் மட்டும் அந்தக் குணம் செத்துப்போகும். இன்றைக்கு 2 அங்குலம் இறங்கும், அடுத்த மாதம் இன்னும் ஒன்று, அதுவும் ஒரு பக்கம் மட்டும். அவசரத்துக்குத் தண்ணீர் ஊற்றி ஆற்றினால் இன்னும் மோசம். எஃகு மொறமொறப்பாகி ஒருநாள் ஒடிந்துவிடும்.

லாரி ஸ்பிரிங் கட்டுகிற கடைகளில் இதையே சூடில்லாமல் செய்கிறார்கள். நான் இரண்டாவது முறை போனது அப்படி ஒரு கடைக்கு. அங்கிருந்த பெரியவர் முதலில் காரைத் தொடவே இல்லை. கழற்றிய மெயின் லீஃபை, அதாவது அடுக்கிலேயே நீளமான தகட்டை, சிமெண்டுத் தரையில் படுக்கவைத்து, சுண்ணாம்புக்கட்டியால் அதன் வளைவை ஓரமாகவே வரைந்தார். அதற்குள்ளே வேறொரு கோடு, அதுதான் வர வேண்டிய வளைவு. பிறகு பிரஸ்ஸில் வைத்து ஓர் அழுத்து, இரண்டு விரல் தள்ளி இன்னோர் அழுத்து, எடுத்து வந்து தரையில் கோட்டோடு வைத்துப் பார்ப்பது. இருபது முப்பது தடவை. ஒரே இடத்தில் அழுத்தினால் வளைவு போய் மடிப்பு விழுந்துவிடுமாம். இடப்பக்கத் தகட்டுக்குப் போட்ட கோட்டை அழிக்காமல் வலப்பக்கத்துக்கும் அதையே வைத்துக்கொண்டார். "அண்ணே, ஒரு தகட்டை எடுத்துட்டா சுலபமா இறங்கிடுமே" என்று கேட்டேன். "எறங்கும். அப்புறம் தொட்டில் மாதிரி ஆடும், பரவால்லையா?" என்றார்.

அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. காயில் ஸ்பிரிங் கார்களில் ஆக்சிலைப் பிடித்துக்கொள்ளத் தனிக் கம்பிகள் உண்டு. நம் கார்களில் எடையைத் தாங்குவதும், ஆக்சிலை அதன் இடத்தில் பிடித்து வைப்பதும், முடுக்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் வருகிற முறுக்கத்தைச் சமாளிப்பதும் எல்லாம் இந்தத் தகடுகள்தான். ஒன்றை உருவினால் கார் இறங்குவதோடு ஸ்பிரிங்கும் இளகிவிடுகிறது. ஏற்கெனவே குறைந்துபோன இடைவெளியை அது இன்னும் சீக்கிரம் தின்றுவிடும். மெயின் லீஃபையும், அதன் நுனியில் வளையமாகச் சுருண்ட காதைச் சுற்றி அணைத்திருக்கிற இரண்டாவது தகட்டையும் எந்தக் காலத்திலும் உருவக்கூடாது. மெயின் லீஃப் ஒடிந்தால் இரண்டாவதுதான் ஆக்சிலை ஓடவிடாமல் பிடித்திருக்கும்.

வளைவைக் குறைத்தால் ஸ்பிரிங் நீளும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். நீண்ட ஸ்பிரிங் ஷேக்கிளைப் பின்னால் தள்ளும். பாரம் ஏறும்போது ஷேக்கிள் இன்னும் சாய்ந்து, பாடியில் இடித்து நின்றுவிட்டால் ஸ்பிரிங் நீள வழியில்லாமல் கட்டையாகிவிடும். இறக்கியபின் ஷேக்கிள் எவ்வளவு சாய்ந்திருக்கிறது, இன்னும் சாய இடம் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

பிளாக் வழியில் போகிறவர்களுக்கு: 2 அங்குலத்துக்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து. பிளாக் உயர உயர, முடுக்கும்போது ஆக்சில் ஸ்பிரிங்கை எஸ் போல முறுக்குவதற்கு நெம்புகோல் கொடுத்த மாதிரி. பலகைத்துண்டு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இரண்டு பிளாக், குழாயை அறுத்துப் பற்றவைத்தது, எல்லாவற்றையும் நான் பார்த்திருக்கிறேன். ஒன்றும் ஆகாது. ஆகும்வரை. பிளாக்கின் ஒரு பக்கம் குமிழ், மறுபக்கம் குழி இருக்க வேண்டும். ஸ்பிரிங் தகடுகளை நடுவில் சேர்த்துப் பிடிக்கிற சென்டர் போல்ட்டின் தலை அந்தக் குழியில் உட்கார்ந்தால்தான் ஆக்சில் நகராது. ஸ்பிரிங்கையும் ஆக்சிலையும் சேர்த்துக் கட்டுகிற யூ-போல்ட் புதிதாகவும் நீளமாகவும் வேண்டும். ஒருமுறை இறுக்கி நீண்ட பழையதை மறுபடியும் போடாதீர்கள். நூறு கிலோமீட்டர் ஓடியதும் மீண்டும் இறுக்கிப் பாருங்கள், பெரும்பாலும் இன்னும் கொஞ்சம் போகும். ஸ்பிரிங்குக்கு அடியில் இருக்கிற யூ-போல்ட் தட்டு ரிம்மின் அடிவிளிம்பைவிடத் தாழ்ந்து தொங்கக்கூடாது. நெடுஞ்சாலையில் டயர் போனால் அது தார்ச்சாலையை உழும்.

ஷாக் அப்சார்பர் விஷயத்தில் ஒரு வேடிக்கை. பிளாக் வைத்தால் ஸ்பிரிங்குக்கும் பாடிக்கும் உள்ள தூரம் மாறாது, ஆக்சில் மட்டும்தான் மேலே வருகிறது. அதனால் அப்சார்பரின் கீழ்முனை யூ-போல்ட் தட்டில் பிடித்திருந்தால் பழைய நீளமே போதும். ஆக்சிலில் பிடித்திருந்தால் குட்டையானது வேண்டும். தகட்டின் வளைவைக் குறைத்தால் எப்படிப் பிடித்திருந்தாலும் குட்டையானதுதான். இது தெரியாமல் கடையில் 'லோவர்ட் செட்' என்று விற்பதை வாங்கிப் பணத்தை வீணாக்கியவர்களில் நானும் ஒருவன்.

ஸ்பிரிங்கின் காதுகளில் இருக்கிற ரப்பர் புஷ்ஷை இறுக்குவது சின்ன வேலைதான், ஆனால் கெடுவது அங்கேதான். காரை ஜேக் ஸ்டாண்டில் ஏற்றி, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே காது போல்ட்டுகளை முறுக்கிவிட்டால் ரப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். காரை இறக்கியதும் ரப்பர் எப்போதும் முறுகியே கிடந்து சில மாதத்தில் கிழியும். உயரமும் பொய்யாகத் தெரியும். கார் தன் சக்கரத்தில் நின்றபிறகுதான் கடைசி இறுக்கு.

80, 90 கிலோமீட்டர் வேகத்தில் புதிதாக ஒரு நடுக்கம் வந்தால் டயர் பேலன்சிங் கடைக்கு ஓடாதீர்கள். இன்ஜினின் சுழற்சியைப் பின் ஆக்சிலுக்குக் கொண்டுபோகிற புரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணம் மாறியிருக்கும். ஆக்சிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் ஆப்பு வடிவத் தகடு வைத்துச் சரிசெய்யலாம். எக்ஸாஸ்ட் குழாய் ஆக்சிலைத் தொடுகிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள். முகப்பு விளக்கு எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும், அதையும் தாழ்த்த வேண்டும். பின்பாரத்தைப் பார்த்துப் பிரேக் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற வால்வு உள்ள வண்டி என்றால் கவனம். பாடி தாழ்ந்ததும் அது வண்டியில் பாரம் ஏறிவிட்டதாக எண்ணிப் பின்சக்கரத்துக்கு அதிக அழுத்தம் அனுப்பும். கோலாலம்பூரின் சாயங்கால மழையில் பின்சக்கரம் பூட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

வேலை தொடங்குமுன் ஜேபிஜே (மலேசியச் சாலைப் போக்குவரத்துத் துறை) அனுமதி பற்றி விசாரித்துவிடுங்கள். பின்னால் காரை விற்கும்போது பெயர் மாற்றத்துக்கு பி5 சோதனை உண்டு, அங்கே காரின் அடியையும் பார்ப்பார்கள். காப்புறுதிக்காரரிடமும் சொல்லி வைப்பது நல்லது.

என் கார் இப்போது ஒன்றரை அங்குலம்தான் இறங்கியிருக்கிறது. புது பம்ப் ஸ்டாப், குட்டை அப்சார்பர், பெரியவர் அழுத்திக் கொடுத்த தகடுகள். போன மாதம் அதே ஐந்து பேர், அதே பொங்கோல், அதே பத்துமலை. புறப்படுமுன் அக்கா மகனிடம் பிளாஸ்டிசின் வாங்கி இரண்டு பக்கமும் ஒட்டியிருந்தேன். சத்தமே இல்லை. வீட்டுக்கு வந்து படுத்துப் பார்த்தேன். இடப்பக்க உருண்டை உருண்டையாகவே இருந்தது. வலப்பக்கத்தது மட்டும் லேசாகத் தட்டையாகியிருந்தது. அக்கா எப்போதும் அந்தப் பக்கம்தான் உட்காருவார். அவரிடம் இதைச் சொல்லவில்லை.