ரைட் புரொடெக்ட் ஆன பென்டிரைவை ஃபார்மேட் செய்வது எப்படி?

வேலூர் ஐடா ஸ்கடர் சாலையிலோ காட்பாடியிலோ உள்ள ஜெராக்ஸ் கடைக்காரர் எவரைக் கேட்டாலும், பென்டிரைவைச் செருகிக் கோப்பை ஏற்ற முயலும்போது "தி டிஸ்க் இஸ் ரைட் புரொடெக்டட்" என்ற பெட்டி திரையில் எழுந்து வேலையை நிறுத்திய அனுபவத்தைச் சொல்வார். உள்ளே இருப்பதைத் திறந்து படிக்கலாம், அச்சும் எடுக்கலாம். ஆனால் புதிதாக ஒன்றைச் சேர்க்கவோ பழையதை அழிக்கவோ முடியாது. அந்த நிலையில் பெரும்பாலோர் முதலில் செய்வது, வலது பொத்தானை அழுத்தி ஃபார்மேட் கொடுத்துப் பார்ப்பதுதான். ஃபார்மேட் என்பதே பென்டிரைவில் எழுதும் வேலை என்பதால், எழுதுவதற்குத் தடை இருக்கும்வரை அதுவும் நடக்காது. ஆகவே தடை பென்டிரைவின் உடலில் இருக்கிறதா, கணினியில் இருக்கிறதா, பென்டிரைவுக்குள் இருக்கும் சிப்பில் இருக்கிறதா என்று கண்டறிந்த பிறகே ஃபார்மேட் பற்றி யோசிக்க வேண்டும். முதல் இரண்டையும் வீட்டிலேயே நீக்கிவிடலாம். மூன்றாவதற்கு அநேகமாகத் தீர்வு கிடையாது.

எதையும் தொடும் முன் உள்ளே இருப்பவற்றையெல்லாம் கணினிக்கு நகலெடுத்துக்கொள்ளுங்கள். படிக்க மட்டும் விடும் பென்டிரைவ் இன்றைக்குப் படிக்க விடுகிறது என்பதற்காக நாளைக்கும் விடும் என்று நம்பியிருக்க முடியாது. மருத்துவமனை ஸ்கேன் படங்கள், திருமணப் புகைப்படங்கள், கல்லூரி புராஜெக்ட் ஆகியவற்றை ஒரே பென்டிரைவில் மட்டும் வைத்திருப்பவர்கள் இந்த ஒரு வேலையை முடிக்காமல் அடுத்த பத்திக்குப் போக வேண்டாம்.

உடலில் இருக்கும் தடையைக் கண்டுபிடிப்பது எளிது. சில பென்டிரைவ்களின் பக்கவாட்டில் நகத்தால் நகர்த்தக்கூடிய சிறு விசை இருக்கும். இப்போது கடைகளில் விற்கும் சாதாரண வகைகளில் அதைக் காண்பது அரிது. கேமரா கார்டுகளில்தான் இது இன்னும் வழக்கத்தில் உள்ளது. பெயர் அச்சிட்ட முகப்பு உங்களைப் பார்க்கும்படியும் வெட்டுப்பட்ட மூலை மேலே இருக்கும்படியும் எஸ்டி கார்டைப் பிடித்தால், இடது விளிம்பில் வெள்ளை அல்லது மஞ்சள் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் துண்டு தெரியும். அது கீழே இறங்கியிருந்தால் கார்டு பூட்டப்பட்டிருக்கிறது. மேலே தள்ளிவிட்டால் திறந்துவிடும். செல்போனில் போடும் சிறிய மைக்ரோ எஸ்டி கார்டுக்கு இந்த விசை இல்லை. ஆனால் அதைச் செருகும் அடாப்டருக்கு உண்டு. அடாப்டர் பழசாகி அந்தத் துண்டு தளர்ந்துவிட்டால், கார்டு ரீடருக்குள் தள்ளும்போதே அது தானாகக் கீழே சரிந்து பூட்டிக்கொள்ளும். இந்தத் துண்டுக்கும் கார்டின் உள்ளே இருக்கும் சிப்புக்கும் மின்தொடர்பு எதுவும் கிடையாது. அது எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் கார்டு ரீடர்தான் உணர்கிறது. எனவே ரீடர் பழுதானாலும் நல்ல கார்டு பூட்டியதாகவே தெரியும். அடாப்டரையோ ரீடரையோ மாற்றிப் பார்த்தால் உண்மை விளங்கிவிடும்.

அடுத்ததாக, அதே பென்டிரைவை வேறொரு கணினியில், முடிந்தால் அலுவலகக் கணினியாக இல்லாத ஒன்றில், செருகிப் பாருங்கள். அங்கே கோப்பு ஏறினால் குறை பென்டிரைவில் இல்லை. வங்கி, மருத்துவமனை, தோல் ஏற்றுமதி நிறுவனம் போன்ற இடங்களில் தகவல் வெளியே போகாமலிருக்க நிர்வாகமே பென்டிரைவில் எழுதுவதைத் தடுத்து வைத்திருப்பது வழக்கம். அதை நீக்கும் பொறுப்பும் உரிமையும் அங்குள்ள கணினிப் பிரிவுக்கே உரியவை. நாமாகத் தோண்டக் கூடாது. சொந்தக் கணினியிலேயே இப்படி இருந்தால், விண்டோஸின் உள்ளமைப்புகளைக் காட்டும் ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறந்து, எச்கீ லோக்கல் மெஷின், அதற்குள் சிஸ்டம், கரன்ட் கன்ட்ரோல் செட், கன்ட்ரோல் என்று வரிசையாக இறங்கி, ஸ்டோரேஜ் டிவைஸ் பாலிசீஸ் என்ற பெயரில் ஓர் உறை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்து, அதில் ரைட்புரொடெக்ட் என்ற மதிப்பு 1 என்றிருந்தால், அதை 0 ஆக்கிக் கணினியை மறுதொடக்கம் செய்தால் போதும். அந்த உறையே இல்லையென்றால் ரெஜிஸ்ட்ரியின் இந்த இடத்தில் தடை ஏதும் இல்லை என்று பொருள். இல்லாத உறையைப் புதிதாக உருவாக்கி 0 போடச் சொல்லும் வீடியோக்கள் நிறைய உண்டு. அதனால் கெடுதல் இல்லை, பயனும் இல்லை.

எந்தக் கணினியிலும் எழுத முடியவில்லை என்றால் விண்டோஸிலேயே இருக்கும் டிஸ்க்பார்ட் கருவியைக் கையில் எடுக்க வேண்டும். நான் இங்கே தமிழில் எழுதும் கட்டளைகளை ஆங்கில எழுத்துகளில், சொற்களுக்கிடையே இடம் விட்டுத் தட்டச்சு செய்து, ஒவ்வொன்றின் முடிவிலும் என்டர் தட்ட வேண்டும். ஸ்டார்ட் பட்டியில் சிஎம்டி என்று தேடி, வரும் கமாண்ட் பிராம்ப்ட் மீது வலது பொத்தானை அழுத்தி, அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்கும் வாய்ப்பைத் தேர்ந்தெடுங்கள். கறுப்புத் திரையில் "டிஸ்க்பார்ட்" என்று கொடுத்து, பிறகு "லிஸ்ட் டிஸ்க்" என்று கொடுத்தால் கணினியோடு இணைந்திருக்கும் டிஸ்க்குகள் அனைத்தும் எண்ணோடும் கொள்ளளவோடும் வரிசையாக வரும்.

இங்கேதான் நிதானம் தேவை. டிஸ்க் 0 என்பது பெரும்பாலும் கணினியின் சொந்த டிஸ்க். ஆனால் எஸ்எஸ்டி ஒன்றும் ஹார்ட் டிஸ்க் ஒன்றுமாக இரண்டு பொருத்திய மடிக்கணினியில் 1 என்ற எண்ணும் உள்ளேயே இருக்கும், பென்டிரைவுக்கு 2 என்ற எண் விழும். ஆகையால் எண்ணை நம்பாமல் கொள்ளளவைப் பாருங்கள். அட்டையில் 16 ஜிபி என்று அச்சிட்ட பென்டிரைவ் இங்கே 14 ஜிபி என்றும், 512 ஜிபி எஸ்எஸ்டி 476 ஜிபி என்றும், 1 டிபி ஹார்ட் டிஸ்க் 931 ஜிபி என்றும் தெரியும். தயாரிப்பாளர் ஆயிரத்தின் மடங்கிலும் விண்டோஸ் 1024-இன் மடங்கிலும் கணக்கிடுவதால் வரும் வேறுபாடுதான் இது, யாரும் ஏமாற்றவில்லை. சந்தேகமாக இருந்தால் பென்டிரைவைப் பிடுங்கிவிட்டு ஒருமுறையும் செருகி ஒருமுறையும் பட்டியலை வரவழையுங்கள்; எந்த வரி மறைந்து மீண்டும் வருகிறதோ அதுவே உங்களுடையது.

அந்த எண் 2 என்றால் "செலக்ட் டிஸ்க் 2" என்று கொடுத்து, உடனே "அட்ரிபியூட்ஸ் டிஸ்க்" என்று கேளுங்கள். வரும் பதிலின் முதல் இரண்டு வரிகளில்தான் நோயின் குறி இருக்கிறது. "ரீட் ஒன்லி" என்ற வரியில் எஸ் என்றிருந்தால் விண்டோஸ் போட்ட தடை அது. "அட்ரிபியூட்ஸ் டிஸ்க் கிளியர் ரீட்ஒன்லி" என்ற கட்டளையில் விலகிவிடும். இதில் கடைசிச் சொல்லை இடைவெளியின்றி ஒரே சொல்லாகத் தட்டுங்கள். மாறாக, "ரீட் ஒன்லி" வரியில் நோ என்றும், அதற்கு மேலுள்ள "கரன்ட் ரீட் ஒன்லி ஸ்டேட்" வரியில் எஸ் என்றும் வந்து, மேற்படி கட்டளைக்குப் பிறகும் அது மாறாமல் நின்றால், தடை விண்டோஸிலிருந்து வரவில்லை, பென்டிரைவே "என்னிடம் எழுதாதே" என்று சொல்கிறது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

தடை விலகிவிட்டதென்றால் மேலும் ஒருமுறை "லிஸ்ட் டிஸ்க்" கொடுத்து, தேர்ந்தெடுத்த டிஸ்க்கைக் காட்டும் நட்சத்திரக் குறி பென்டிரைவின் வரிக்கு முன்னால்தான் நிற்கிறதா என்று உறுதி செய்துகொண்டு, "கிளீன்" என்று கொடுங்கள். "நிச்சயமாக அழிக்கட்டுமா?" என்று இந்தக் கட்டளை கேட்காது, என்டர் தட்டிய கணமே வேலையை முடித்துவிடும். பிறகு "கிரியேட் பார்ட்டிஷன் பிரைமரி". அடுத்தது "ஃபார்மேட் எஃப்எஸ்=ஃபேட்32 குவிக்". கடைசியாக "அசைன்" என்று கொடுத்தால் பென்டிரைவ் ஓர் எழுத்தைப் பெற்று திஸ் பிசியில் (பழைய விண்டோஸில் மை கம்ப்யூட்டர்) தோன்றிவிடும்.

ஃபேட்32, எக்ஸ்ஃபேட் இரண்டும் பென்டிரைவில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறைகள். எது வேண்டும் என்பது எதற்குப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஃபேட்32-இல் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது. எனவே திருமண வீடியோவை முழு நீளக் கோப்பாக வைத்திருப்பவர்களுக்கு எக்ஸ்ஃபேட் வேண்டும். ஆனால் வைகாசியில் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கும், ஆடியில் ஊருக்கு ஊர் கூழ் வார்க்கும்போதும் அம்மன் பாட்டுப் போடுகிற மைக் செட்டுகளில் பல ஃபேட்32 தவிர வேறொன்றைப் படிப்பதில்லை. பழைய கார் ஸ்டீரியோக்களும் அப்படியே. விண்டோஸோ 32 ஜிபிக்கு மேற்பட்ட பென்டிரைவை ஃபேட்32 ஆக்க நெடுங்காலமாக மறுத்து வந்திருக்கிறது. 64 ஜிபி பென்டிரைவில் பாட்டு ஏற்ற வேண்டியிருந்தால், பார்ட்டிஷன் உருவாக்கும் கட்டளையின் முடிவில் "சைஸ்=32000" என்று சேர்த்து, 32 ஜிபிக்குள் அடங்கும் ஒரு பகுதியை மட்டும் உருவாக்கி ஃபேட்32 ஆக்கலாம்; மீதி இடம் சும்மா கிடக்கும், பாட்டு மட்டும் ஓடும்.

வீட்டில் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி இருந்து, அதில் விண்டோஸுக்கு மாற்றான பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளமும் இருந்தால், அதையும் ஒரு சோதனைக் கருவியாகப் பயன்படுத்தலாம். பென்டிரைவைச் செருகிவிட்டு டெர்மினலில் டி, எம், இ, எஸ், ஜி என்ற ஐந்து எழுத்துகளைச் சேர்த்துத் தட்டினால் ஓடும் வரிகளின் இறுதியில் "ரைட் புரொடெக்ட் இஸ் ஆன்" என்றோ "ஆஃப்" என்றோ தெரியும். ஆன் என்றால் பென்டிரைவே தன்னைப் பூட்டியதாக அறிவிக்கிறது. ஆஃப் என்று இருந்தும் எழுத முடியவில்லை என்றால், நகலெடுக்கும் நடுவில் பிடுங்கியதால் கோப்பு அட்டவணை சிதைந்து, லினக்ஸ் பாதுகாப்புக்காகப் படிக்க மட்டும் திறந்திருக்கலாம். அப்படியானால் ஃபார்மேட் செய்தால் சரியாகிவிடும்.

இனி, தானே பூட்டிக்கொண்ட பென்டிரைவ். ஃபிளாஷ் நினைவகத்தின் ஒவ்வொரு பகுதியையும் குறிப்பிட்ட அளவு முறைதான் அழித்து எழுத முடியும். கெட்டுப்போகும் பகுதிகளுக்கு மாற்றாக உள்ளே கொஞ்சம் உபரி இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அந்த உபரி தீர்ந்துவிட்டாலோ, எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் அறுந்து எந்தத் தகவல் எங்கே இருக்கிறது என்ற உள்கணக்கு குழம்பிவிட்டாலோ, பென்டிரைவை இயக்கும் கன்ட்ரோலர் சிப் மேற்கொண்டு எழுத மறுத்து, இருப்பதையாவது படிக்க விடுகிறது. இதை ஒரு கோளாறாக நினைத்து எரிச்சலடைவதைவிட, கடைசி நேரத்தில் கிடைத்த அவகாசமாகக் கொள்வதே பொருத்தம். "லோ லெவல் ஃபார்மேட்" என்ற பெயரில் கிடைக்கும் மென்பொருள்களும் அதே கன்ட்ரோலரிடம்தான் எழுதச் சொல்லிக் கேட்க வேண்டும் என்பதால் அவற்றாலும் இங்கே பயனில்லை. பெயர் தெரியாத தளத்திலிருந்து "அன்லாக்கர்" ஒன்றை இறக்கி, அதனோடு சேர்ந்து வைரஸையும் வீட்டுக்குள் அழைத்து வருவதுதான் மிச்சம். ஃபைசன், அல்கார் போன்ற கன்ட்ரோலர்களுக்கென்று தொழிற்சாலையில் பயன்படுத்தும் கருவிகள் வெளியே உலவுகின்றன என்பது உண்மை. சிப்பின் சரியான வகையை அறிந்து அதற்குரிய பதிப்பையே பயன்படுத்தினால் சில பென்டிரைவ்கள் உயிர் பெறுவதும் உண்டு. ஆனால் சில நூறு ரூபாய்க்குப் புதியது கிடைக்கும்போது, ஒருமுறை தளர்ந்துவிட்ட நினைவகத்தை நம்பி மீண்டும் முக்கியமானவற்றை ஏற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பெயர்பெற்ற நிறுவனங்களின் பென்டிரைவ்களுக்குப் பெரும்பாலும் 5 ஆண்டு வாரன்டி உண்டு. பில் இருந்தால் மாற்றித் தருவார்கள். அதற்காக மேலுறையைப் பிரித்துப் பார்த்துவிடாதீர்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: எழுத முடியாத பென்டிரைவில் அழிக்கவும் முடியாது. ஆதார் நகலும் வங்கி அறிக்கையும் மருத்துவக் குறிப்பும் உள்ள பென்டிரைவை மாற்றிக்கொள்ளக் கொடுத்தால், அவற்றையும் சேர்த்தே கொடுக்கிறீர்கள். அத்தகைய பென்டிரைவுக்கு வாரன்டியை மறந்துவிட்டு, மேலுறையைக் கழற்றி, உள்ளே பச்சைப் பலகையில் ஒட்டியிருக்கும் கறுப்பு நினைவகச் சிப்பைக் குறடால் நொறுக்குங்கள். கணினியில் செருகும் முனையை மட்டும் ஒடித்தால் போதாது. சிப் முழுசாக இருந்தால் அதைக் கழற்றி எடுத்துப் படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். பலகையின்றி ஒரே வார்ப்பாக வரும் சின்னஞ்சிறு பென்டிரைவ்களில் அந்த வார்ப்புக்குள்ளேயே நினைவகம் இருப்பதால், அதை முழுவதுமாக உடைக்க வேண்டும்.