போட்டிப் பூசணி: கொடியில் செய்யும் தவறுகள்

"கொடி வேலியைத் தாண்டிப் போய்விட்டது, பார்த்தீர்களா?" என்று சமூகத் தோட்டத்தில் யாராவது பெருமையாகச் சொன்னால் எனக்குக் கவலையாகிவிடும். எடைப் போட்டியில் தராசில் ஏறுவது காய்தானே.

பெரும்பாலான தவறுகள் விதை போடும் அன்றே நடந்துவிடுகின்றன. 2023-ல் கலிஃபோர்னியாவின் ஹாஃப் மூன் பே போட்டிக்கு 1,247 கிலோ பூசணி ஒன்று வந்தது. அந்த மாதிரிக் காய்க்காக வளர்ப்பவர்கள் ஒரே செடிக்கு 40 முதல் 90 சதுர மீட்டர் வரை ஒதுக்குவார்கள். நம் சிங்கப்பூரில் தேசியப் பூங்காக் கழகம் வாடகைக்கு விடும் பாத்தியோ இரண்டரை மீட்டருக்கு ஒரு மீட்டர். போதாததற்கு, அந்த ராட்சதக் காய்களைத் தரும் 'அட்லாண்டிக் ஜயண்ட்' குளிர்நாட்டு ரகம். நம் மதிய வெயிலில் பிஞ்சு வெம்பி விழும். ஆகவே இங்கே நண்பர்களுக்குள் போட்டி வைத்தால் சாதாரணப் பறங்கியே மேல். கொடியை வெட்டும் முறை இரண்டுக்கும் ஒன்றுதான், அளவை மட்டும் இடத்துக்கேற்பச் சுருக்கிக்கொள்ள வேண்டும்.

அப்புறம், பேரக்கொடிகள். வேரிலிருந்து நேராக ஓடுவது தாய்க்கொடி, அதன் கணுக்களில் கிளம்புபவை பிள்ளைக்கொடிகள். பிள்ளைகளிலிருந்து கிளம்பும் பேரன்களைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை. இரண்டு நாள் தோட்டத்துக்குப் போகாவிட்டால் காடாகிவிடும். இலைமேல் இலை மூடினால் காற்று புகாது. இந்த ஊர் ஈரத்தில் சாம்பல் நோய்க்கு அது போதும். விரல் நீளத்தில் இருக்கும்போதே கிள்ளிவிடுங்கள். முழம் நீண்ட பிறகு பத்துக் கொடியை ஒரே நாளில் வெட்டுவது இன்னொரு தவறு.

சரி, கத்தி பழகிவிட்டது என்று தாய்க்கொடியின் நுனியை அவசரப்பட்டு வெட்டிவிடாதீர்கள். காய்க்குச் சோறு ஆக்குவது இலைதான். பெரிய தோட்டங்களில் வேரிலிருந்து மூன்று மீட்டர் தாண்டி வரும் பெண்பூவில் காய் பிடிக்க வைத்து, அதற்கு அப்பாலும் மூன்று நான்கு மீட்டர் ஓடவிட்டுத்தான் நுனியை நிறுத்துகிறார்கள். பிள்ளைக்கொடிகளை இரண்டு பக்கமும் கை விரித்தாற்போல் விட்டு, வேர்ப்பக்கம் நீளமாகவும் நுனிப்பக்கம் குட்டையாகவும் நிறுத்துவார்கள். மேலிருந்து பார்த்தால் கோபுரம் போல இருக்கும்.

கணுக்களை மண்ணில் புதைத்தால் அங்கேயும் வேர் பிடிக்கும், நல்லதுதான். ஆனால் காய்க்குப் பக்கத்துக் கணுக்களைப் புதைக்கவே கூடாது. காய் பருக்கும்போது கொடியை மேலே தூக்கும்; வேர் கீழே பிடித்து இழுத்தால் காம்பு கிழியும். என்னுடைய முதல் நல்ல காய் இப்படித்தான் போனது. தினமும் போய்ப் பார்த்தேன், காயைத்தான் பார்த்தேன், காம்பைப் பார்க்கவில்லை.

மழை நாளில் வெட்டாதீர்கள். கொடி உள்ளே குழலாக இருக்கும், தண்ணீர் இறங்கினால் அழுகும். காலை வெயிலில் வெட்டி, வெட்டுப்பட்ட முனையை மண்ணில் புதைத்துவிடுங்கள். திறந்த குழலில் தண்ணீர் தேங்கினால் கொசு வரும்; கொசு விஷயத்தில் கறாரான ஊர் வேறு.

கிள்ளிய தளிர்களைக் குப்பையில் போட வேண்டாம். எங்கள் பக்கத்துப் பாத்தி மக்சிக், அதாவது மலாய் அம்மா, அவற்றை நார் உரித்து, தேங்காய்ப்பாலில் லெமாக் என்னும் குழம்பு வைப்பார். பூச்சிமருந்து அடித்திருந்தால் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.