கான்செப்ட் ஆர்ட் போர்ட்ஃபோலியோ: இறகு வரையும் முன்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்தில் எங்கள் தெருப் பையன் தன் போர்ட்ஃபோலியோவைக் கொண்டுவந்து காட்டினான். கேப் டவுனில் உள்ள டிரிகர்ஃபிஷ் மாதிரி அனிமேஷன் ஸ்டூடியோக்களுக்கு அனுப்பணுமாம். முதல் படம் தைப்பூசக் காவடி. மயிலிறகு ஒவ்வொன்றையும் தனித்தனியாக இழைத்திருந்தான். மூன்று வார வேலை. "வெயில் எந்தப் பக்கம் அடிக்குது தம்பி?" என்றேன். முழித்தான்.

பலரும் சறுக்குவது இங்கேதான். கான்செப்ட் ஆர்ட் திரையில் வரப்போகிற படம் அல்ல. அதைப் பார்த்துத்தான் கணினியில் முப்பரிமாண உருவம் (மாடல்) செய்பவரும் லைட்டிங் பார்ப்பவரும் பின்னணி வரைபவரும் வேலையைத் தொடங்குவார்கள். கண் எங்கே போகணும், காட்சியின் மனநிலை என்ன என்று சொல்லாத படம் அவர்களுக்கு உதவாது.

டிஸ்னி ஸ்டூடியோவில் 'பாம்பி' (1942) படத்துக்கு முதலில் காட்டை இலை இலையாக வரைந்து பார்த்தார்கள். மான்குட்டி அதற்குள் தொலைந்தது. அப்போது அங்கே அசைவுகளுக்கு இடைப்பட்ட படங்களை வரைந்துகொண்டிருந்தவர் டைரஸ் வாங். சீனாவில் பிறந்தவர், சோங் அரச மரபுக் காலத்து நிலக்காட்சி ஓவியங்களில் ஊறியவர். கொஞ்சம் மூடுபனி, இரண்டு மரம், ஒரு மான் என்று சின்னச் சின்னதாக வரைந்து காட்டினார். படத்தின் தோற்றமே அதிலிருந்து பிறந்தது. (டைட்டிலில் அவருக்குக் கிடைத்தது பின்னணி ஓவியர் வரிசையில் ஒரு இடம் மட்டும். அது தனிக்கதை.)

அதனால் தீப்பெட்டி அளவில் பத்துப் படம், மூன்றே சாம்பல் நிறத்தில் போட்டுப் பாருங்கள். கண்ணை இடுக்கினாலும் விஷயம் தெரியணும். பையன் அங்கேயே கரண்ட் பில்லின் பின்பக்கம் போட்டான். நான்காவதில் வந்துவிட்டது: தெருவும் கூட்டமும் இருட்டில், பின்னாலிருந்து வெயில் காவடி வளைவின் விளிம்பில் மட்டும். இறகே இல்லை, ஆனால் காவடிதான்.

கதாபாத்திரத்தை முன்பக்கம் மட்டும் வரைவது இன்னொரு தவறு. முதுகுப்பையின் வார் எங்கே சேருகிறது என்று மாடல் செய்பவர் கேட்பார்.

அப்புறம் போர்ட்ஃபோலியோக்களில் வரும் இந்தப் பனிக்கோட்டைகள்! டர்பன் பிள்ளைக்குப் பனி எங்கே தெரியும்? சரிவில் ஒட்டிக் கட்டிய இரட்டை வீடுகள், கடல் காற்றில் துருவேறிய ஜன்னல் கம்பி, வாசலில் கறிவேப்பிலை மரம் எல்லாம் கண்முன்னே இருக்கே. கோட்டையை ஸ்டூடியோக்காரர்கள் நிறையப் பார்த்திருப்பார்கள்.

அந்த பில்லை ஸ்கேன் செய்து முதல் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். மயிலிறகுப் படம் கடைசிக்குப் போனது. தூக்கிவிடச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.