இளம் அமெரிக்க சிங்கிள் மால்ட்: சுவைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க சிங்கிள் மால்ட் விஸ்கியைச் சுவைப்பவர்கள் பலரும் செய்யும் முதல் தவறு, 12 ஆண்டு ஊறிய ஸ்காட்ச், அதாவது ஸ்காட்லாந்து விஸ்கி, ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு அதன் அளவுகோலால் இதை எடைபோடுவதுதான். ஸ்காட்லாந்தில் எந்த விஸ்கியும் குறைந்தது 3 ஆண்டுகள் ஓக் பீப்பாயில் இருந்தாக வேண்டும். 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அமெரிக்க வரையறையிலோ அப்படியொரு குறைந்தபட்ச வயதே கிடையாது. முழுவதும் மால்ட் எனப்படும் முளைகட்டிய பார்லியாக இருக்க வேண்டும், ஒரே வடிசாலையில் வடித்திருக்க வேண்டும், 700 லிட்டருக்கு மேற்படாத ஓக் பீப்பாயில் வைத்திருக்க வேண்டும், பாட்டிலில் 40 விழுக்காட்டுக்குக் குறையாத ஆல்கஹால் இருக்க வேண்டும் என்பன போன்றவையே அதன் முக்கிய நிபந்தனைகள். பெயரில் ‘ஸ்ட்ரெய்ட்’ என்ற சொல் இருந்தால் குறைந்தது 2 ஆண்டு ஊறியது என்று பொருள். 4 ஆண்டுக்குக் குறைந்த விஸ்கியின் லேபிளில் வயதைக் குறிப்பிட்டாக வேண்டும் என்பதும் அமெரிக்க விதி என்பதால், கிளாஸில் ஊற்றுவதற்கு முன் லேபிளை முழுமையாகப் படித்துவிடுவது நல்லது.

நிறத்தைப் பார்த்து வயதை ஊகிப்பது அடுத்த தவறு. உட்புறம் கருக்கிய புது ஓக் பீப்பாய் இரண்டே ஆண்டுகளில் விஸ்கிக்கு அடர்ந்த செம்பழுப்பைக் கொடுத்துவிடும். டெக்சாஸ் வெயிலில் அது இன்னும் வேகமாக நடக்கும். மேலும், லேபிளில் தெரிவித்துவிட்டால் கேரமல் நிறமி சேர்ப்பதற்கும் அமெரிக்க விதியில் அனுமதி உண்டு.

மிகுதியாகத் தவறு நடப்பது முகர்வதில்தான். ஒயினைச் சுழற்றுவதுபோல் கிளாஸைச் சுழற்றி மூக்கை உள்ளே நுழைத்தால் ஆல்கஹாலின் நெடி ஏறி மூக்கு மரத்துப்போகும். அதன்பின் எதை முகர்ந்தாலும் ஒன்றும் பிடிபடாது. மேற்புறம் குறுகிய கிளாஸில் சிறிதளவு ஊற்றி, பத்து நிமிடம் அப்படியே விட்டுவிட்டு, வாயைச் சற்றே திறந்தபடி, மூக்கை விளிம்புக்கு மேலேயே நிறுத்தி முகர வேண்டும். இளம் விஸ்கியில் முதலில் எழும் நகப்பூச்சு போன்ற கூர்மையான வாடை பெரும்பாலும் அந்தப் பத்து நிமிடத்தில் தணிந்து, பச்சை ஆப்பிளும் வேகவைத்த தானியமும் மேலெழும். அந்தத் தானிய வாசனையைக் குறையென்று ஒதுக்குவது சரியன்று. நீண்ட காலம் ஊறிய விஸ்கியில் மரத்துக்கு அடியில் அமுங்கிப்போகும் பார்லியை இவ்வளவு வெளிப்படையாக முகர்வதற்கு இளம் விஸ்கியே வாய்ப்புத் தருகிறது என்பது என் உறுதியான கருத்து.

நாக்கில் எரிச்சல் பட்டவுடன் ‘இன்னும் பக்குவப்படவில்லை’ என்று தீர்ப்பெழுதுவதும் பொருத்தமற்றது. இவ்வகை விஸ்கிகளில் பல 46 விழுக்காடு ஆல்கஹாலிலும் அதற்கு மேலும் பாட்டிலில் அடைக்கப்படுகின்றன. எரிச்சலுக்குக் காரணம் வயதா வலிமையா என்பதை அறிய எளிய வழி, அறை வெப்பத்தில் உள்ள தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துப் பார்ப்பதே. எரிச்சல் அடங்கி இனிப்பு விரிந்தால் குற்றம் வலிமையுடையது. எரிச்சல் அடங்கியும் பச்சை வாடையும் வாயில் கனமில்லாத மெலிவுமே எஞ்சினால் அது வயதின் குறை. ஐஸ் கட்டி இந்தச் சோதனையைக் கெடுத்துவிடும், ஏனெனில் குளிர்ச்சி எரிச்சலோடு வாசனையையும் சேர்த்தே அடக்கிவிடுகிறது.

துவர்ப்பை முதிர்ச்சி என்று எண்ணி ஏமாறுவதும் உண்டு. சிறு பீப்பாயில் மரத்தோடு உரசும் பரப்பு அதிகம் என்பதால் நிறம், வெனிலா, துவர்ப்பு எல்லாம் விரைவாக இறங்கிவிடும். ஆனால் காற்றுபட்டு மெல்ல நிகழும் மாற்றங்களுக்கு வேண்டிய காலத்தைச் சிறு பீப்பாயால் ஈடுசெய்ய முடியாது. நுனிநாக்கில் இனிப்பு, நடுவில் வெறுமை, முடிவில் மரத்தூள்போல வாய் உலர்வது என்ற வரிசை தெரிந்தால் மரம் முந்திக்கொண்டு விஸ்கி பின்தங்கிவிட்டது என்று கொள்ளலாம்.

எல்லாச் சுவையையும் பீப்பாயின் கணக்கில் எழுதுவதும், புகையென்றால் ஸ்காட்லாந்தின் பீட் (சதுப்புநிலத்தில் மட்கிய தாவரக் கரி) புகை என்றே நினைப்பதும் இறுதியாகத் தவிர்க்க வேண்டியவை. சியாட்டிலில் உள்ள வெஸ்ட்லேண்ட் வடிசாலை, பியர் தயாரிப்பில் பயன்படும் வறுத்த மால்ட்களையும் சேர்க்கிறது. அதன் விஸ்கியில் கோகோ, காப்பிச் சாயல் தென்பட்டால் அதில் தானியத்துக்கும் பங்குண்டு. அரிசோனாவின் டூசான் நகரில் உள்ள டெல் பாக், மெஸ்கீட் என்னும் பாலைநில மரத்தின் புகையில் மால்ட்டை உலர்த்துகிறது. பீட் புகை ஏறிய ஸ்காட்ச் சிலவற்றில் தென்படும் அயோடினையும் கடல் உப்பையும் எதிர்பார்த்து அதைச் சுவைப்பவருக்கு ஏமாற்றமே மிஞ்சும். ஆரிகன் மாநிலத்தின் மெக்கார்த்திஸ் விஸ்கியோ ஸ்காட்லாந்து பீட் மால்ட்டையே வரவழைத்து வடிப்பது. இவற்றை ஒரே அமர்வில் ஒப்பிடுவதானால் புகையில்லாததை முதலிலும் புகையுள்ளவற்றைக் கடைசியிலும் வைத்து, இடையில் வெறும் தண்ணீரும் உப்பில்லாத ரொட்டியும் எடுத்துக்கொள்ள வேண்டும்.