லஞ்ச்லி வேண்டுமென்று பிள்ளை அடம்பிடித்தால்

புறக்கோட்டையில் அறை பிரித்த சாப்பாட்டுப் பெட்டி ஒன்று வாங்கி, ஓர் அறையில் கிறீம் கிரேக்கர், அடுத்ததில் நான்காக வெட்டிய சீஸ் துண்டு, இன்னொன்றில் வெள்ளரிக்காய், மூலையில் ஒரேயொரு சின்னச் சொக்லேட் என்று வைத்துக் கொடுங்கள். 2024இல் யூடியூப் பிரபலங்களான மிஸ்டர் பீஸ்ட், லோகன் போல், கேஎஸ்ஐ மூவரும் அமெரிக்காவில் இறக்கிய லஞ்ச்லி என்ற சாப்பாட்டுப் பெட்டியும் ஏறக்குறைய இந்த மாதிரிதான், கூடவே பிரைம் என்ற பானம் ஒன்று. பிள்ளைக்குப் பிடிப்பது சாப்பாட்டை விட, தானே அடுக்கிச் சாப்பிடும் அந்த விளையாட்டு. வெள்ளரியை மட்டும் நன்றாகத் துடைத்து வையுங்கள், இல்லாவிட்டால் கிரேக்கர் நமத்துப்போகும். காலை இடைவேளைக்குத்தான் இது சரி; பின்னேர வகுப்பு வரை பையில் கிடந்தால் கொழும்பு வெக்கைக்கு சீஸ் தாங்காது, அன்றைக்கு அந்த இடத்தில் வாழைப்பழம்.