ஆத்தங்குடிக் கல்லை வைத்துக் கருதுகோள் சோதனை: படிப்படியாக

ஆத்தங்குடிக் கல், அதாவது செட்டிநாட்டின் ஆத்தங்குடியில் தரைக்குப் போடச் செய்யும் வண்ணக் கல், முழுக்கக் கைவேலை. கண்ணாடிமேல் அச்சை வைத்து, வண்ணச் சிமெண்ட்டை ஊற்றி, மேலே மணலும் சிமெண்ட்டும் நிரப்பி அழுத்தி எடுப்பார்கள். அதனால் ஒரு கல்லின் கனம் (தடிமன்) இன்னொன்றுக்கு அப்படியே வராது. கருதுகோள் சோதனை (ஒரு கூற்றை மாதிரியை வைத்துச் சரிபார்ப்பது) பழக இதைவிட நல்ல பொருள் செட்டிநாட்டில் எனக்குத் தெரியவில்லை. சராசரியும் திட்ட விலக்கமும் போடத் தெரியும் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

படி 1: கேள்வி. பட்டறையில் சராசரிக் கனம் 20 மி.மீ. என்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இன்மைக் கருதுகோள்: சராசரி 20. மாற்றுக் கருதுகோள்: 20 அல்ல. கனம் கூடினாலும் குறைந்தாலும் தளம் மட்டம் பார்க்கும்போது கொத்தனாருக்குத் தொல்லைதான், அதனால் இருபக்கச் சோதனை. இதையும், 5% என்ற எல்லையையும் (சராசரி உண்மையில் 20ஆகவே இருந்தும் தவறாகத் தள்ளிவிட நாம் ஏற்கும் வாய்ப்பு) அளப்பதற்கு முன்பே எழுதி வையுங்கள்.

படி 2: மாதிரி. 25 கல். ஒரே அடுக்கின் மேலிருந்து எடுக்காதீர்கள். ஒரே ஆள் ஒரே நாளில் போட்ட கல் ஒரே மாதிரிதான் இருக்கும். வெவ்வேறு அடுக்குகளிலிருந்து குலுக்கல் முறையில் எடுத்து, வெர்னியரால் அளக்க வேண்டும். சராசரி 19.6, திட்ட விலக்கம் 1 மி.மீ. வந்தது என்று கொள்வோம்.

படி 3: பரவல். பெரும்பாலோர் வழுக்குவது இங்கேதான், நிதானமாகப் படியுங்கள். "திட்ட விலக்கமே 1 மி.மீ., 0.4 குறைந்தால் என்ன பெரிய விஷயம்?" என்று தோன்றும். அந்த 1 மி.மீ. தனித்தனிக் கற்களுக்கு உரியது. நம் கையில் இருப்பதோ 25 கல்லின் சராசரி. 25 கல்லில் தடித்ததும் மெலிந்ததும் கலந்து ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும், அதனால் சராசரி அவ்வளவு தூரம் ஆடாது. எவ்வளவு ஆடும்? திட்ட விலக்கத்தை 25இன் வர்க்கமூலமான 5ஆல் வகுத்தால் 0.2. இதுதான் திட்டப்பிழை.

நம்பிக்கை வரவில்லையா? லிப்ரேஆபீஸ் கால்க் என்ற விரிதாள் மென்பொருளைத் திறந்து, சராசரி 20, விலக்கம் 1 உள்ள இயல்நிலைப் பரவலிலிருந்து தற்செயல் எண்களை வரிசைக்கு 25 வீதம் 1000 வரிசை உருவாக்குங்கள். ஒவ்வொரு வரிசைக்கும் சராசரி போட்டு வரைபடம் வரையுங்கள். தனி எண்கள் பெரும்பாலும் 17க்கும் 23க்கும் இடையே சிதறிக் கிடக்கும். சராசரிகளோ ஏறக்குறைய 95% 19.6க்கும் 20.4க்கும் நடுவே அடங்கிவிடும். இந்தக் குறுகிய மேடுதான் மாதிரிச் சராசரிகளின் பரவல். நம் 19.6 அதன் ஓரத்திலேயே நிற்கிறது, பாருங்கள். தொடக்கத்தில் எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருள் வேண்டாம் என்று நான் சொல்வதும் இதனால்தான். அதில் விடை வந்துவிடும், இந்த மேடு கண்ணில் படாது.

படி 4: கணக்கு. 19.6இலிருந்து 20ஐக் கழித்து 0.2ஆல் வகுத்தால் −2. இயல்நிலை அட்டவணையின் எல்லை 1.96, அதைப் பார்த்தால் கருதுகோளைத் தள்ளிவிடுவீர்கள். ஆனால் விலக்கத்தை நாம் 25 கல்லிலிருந்தே மதிப்பிட்டோம், அந்த மதிப்பீடும் ஆடும். டப்ளினில் கின்னஸ் மதுவடிப்பாலையில் வேலை பார்த்த காசெட், சின்ன மாதிரிகளுக்கான இந்தச் சிக்கலை ஆராய்ந்து 1908இல் 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் கட்டுரை வெளியிட்டார். அவர் வழிவந்த டி அட்டவணையில் 24க்கு (25இல் ஒன்று குறைய) எல்லை 2.064. நம் 2 அதைத் தாண்டவில்லை. பி மதிப்பு சுமார் 0.057.

அதாவது, சராசரி உண்மையில் 20 என்றால் இவ்வளவோ இதற்கு மேலோ விலகிய மாதிரி வர வாய்ப்பு 5.7%. "சராசரி 20ஆக இருக்க வாய்ப்பு 5.7%" என்று படிப்பது தவறு. கருதுகோளைத் தள்ளப் போதிய ஆதாரம் இல்லை, அவ்வளவுதான். 20 என்று நிரூபணம் ஆகிவிடவில்லை.

பின்சேர்க்கை: படித்தவர்கள் இரண்டு கேள்வி கேட்டார்கள். ஒருபக்கச் சோதனை என்று மாற்றினால் பி 0.028 ஆகிவிடுமே? ஆகும், ஆனால் விடையைப் பார்த்தபின் மாற்றக் கூடாது. சரி, இன்னும் பத்துக் கல் அளந்து சேர்க்கலாமா? 0.05க்குக் கீழே இறங்கும்வரை சேர்த்துக்கொண்டே போனால், பொய்யான எச்சரிக்கைக்கான (20 சரியாக இருந்தும் தள்ளிவிடுவதற்கான) வாய்ப்பு 5%ஐத் தாண்டிவிடும். சந்தேகம் தீரவில்லை என்றால், எண்ணிக்கையை முதலில் முடிவு செய்து புதிதாக 100 கல் அளங்கள். விலக்கம் அதே அளவில் இருந்தால் திட்டப்பிழை பாதியாகி 0.1க்கு வந்துவிடும்.