முகப்பருவுக்குக் கெமிக்கல் பீல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிளாக்ஹெட், வைட்ஹெட், சிவந்த சிறு பருக்கள் ஆகியவற்றுக்கு மேலோட்டமான பீல், அதாவது அமிலம் பூசி மேல்தோலை உரிப்பது, நல்ல துணைச் சிகிச்சை. ஆனால் துணைதான். அடாபலீன், பென்சோயில் பெரொக்சைட் போன்ற பரு மருந்துகளைப் பூசுவதை விட்டுவிட்டு பீலை மட்டும் நம்பினால் பரு திரும்ப வரும்.

உரிந்தால்தான் பலன் என்று நினைப்பது

“அக்கா, ஒண்டுமே உரியேல்லையே, அடுத்தமுறை ஸ்ட்ரோங்கா போடுங்கோ.” வெள்ளவத்தைப் பார்லர்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. புதிதாகத் தொழில் பழகுபவர் மறுக்கத் தயங்கி நேரத்தைக் கூட்டிவிடுகிறார். எத்தனை முறை சொல்லிக்கொடுத்தாலும் இந்தத் தவறு ஓய்வதில்லை.

20–30% சலிசிலிக் அமிலம் எண்ணெயில் கரையும். அதனால் துவாரத்துக்குள் இறங்கி அடைப்பை இளக்கும். வேலை உள்ளே நடப்பதால் மேலே லேசாகச் செதில் விட்டாலே போதும். பூசிய ஓரிரு நிமிடத்தில் தோன்றும் வெள்ளைப் படிவு அமிலத்தின் பளிங்குதான், ஈரப் பஞ்சால் துடைத்தால் போய்விடும். இன்னொரு பீல் அமிலமான கிளைக்கோலிக்கில் வெள்ளை தெரிந்தால் கதை வேறு: அமிலம் அளவுக்கு மீறி இறங்கிவிட்டது, துடைத்தாலும் போகாது. கிளைக்கோலிக் தானாக அடங்கவும் மாட்டாது. சோடியம் பைகார்பனேட் கரைசலால் நிறுத்த வேண்டும். முதல் தடவை 20–30%, ஓரிரு நிமிடம் போதும். சிவப்பு பரவினால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே நிறுத்துங்கள்.

நமது மாநிறத் தோலில் சிறு சூடுபட்டாலும் மெலனின் கூடுதலாகச் சுரக்கும். பரு சில வாரத்தில் ஆறும், அந்தக் கறுப்புத் தழும்போ மாதக்கணக்கில் நிற்கும். பூமத்திய ரேகைக்கு ஏறத்தாழ 7 பாகை தள்ளியிருக்கும் கொழும்பில், காலி வீதியில் பஸ்சுக்கு நிற்கும் நேரமே அதை இன்னும் கருக்கப் போதும். எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன், வெளியில் நின்றால் 2 மணித்தியாலத்துக்கு ஒருமுறை. இரண்டு பீலுக்கு நடுவில் குறைந்தது 2 வாரம் விடுங்கள். வழமையாக 4–6 தடவை தேவைப்படும்.

போத்தலில் வீதத்தை மட்டும் பார்ப்பது

பிஎச் அளவையும் பாருங்கள்; அது குறையக் குறைய அமிலத்தன்மை கூடும். 30% கிளைக்கோலிக் பிஎச் 3.5இல் இருப்பதைவிட 1.5இல் கூடுதல் கடுமையானது.

அடாபலீனை நிறுத்தாமல் வருவது

சில நாள் முன்பே, தோல் எளிதில் எரிபவர்கள் ஒரு வாரம் முன்பே நிறுத்துங்கள்.

கலியாணத்துக்கு மூன்று நாள் முன்பு

வேண்டாம்.

வீட்டில் டிசிஏ (ஆழமாக இறங்கக்கூடிய கடுமையான பீல் அமிலம்)

தொடவே வேண்டாம்.

யாருக்கும் சலிசிலிக் போடுவது

அஸ்பிரின் ஒவ்வாமையா, கர்ப்பமா என்று முதலில் கேளுங்கள். இரண்டில் ஒன்று இருந்தாலும் போடாதீர்கள்.

ஆழமான கட்டிப் பருவுக்குப் பீல்

அங்கே அமிலம் எட்டாது, தழும்புதான் மிஞ்சும். தோல் வைத்தியரிடம் அனுப்புங்கள்.